மடக்க மறுத்த குடை

பக்கத்து அறையில் 'படக்'கென்று ஒரு சத்தம். கம்பி உரசி, துணி சரசரத்து, மறுபடியும் 'படக்'.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ருய்ஜூ கெண்டியை அப்படியே வைத்தாள்.

"யாரோ குடையை மடக்கறாங்க!" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

கண்காட்சி அறையின் நடுவில், முக்காலி மேல் ஏறி நின்றபடி ஒரு பெண்மணி, உத்தரத்திலிருந்து தொங்கிய அந்தப் பெரிய குடையின் கம்பிகளைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள். காதில் முத்து, கையில் பச்சைக்கல் வளையல். ருய்ஜூவின் அண்ணன் மனைவி ஷூஏ.

"அண்ணி! கையை எடுங்க!"

"எடுக்கமாட்டேன். வீட்டுக்குள்ள குடை விரிச்சா பேய் வந்து குடியேறும்னு பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீ ஊரைக் கூட்டி விரிச்சு வச்சிருக்கே. அதுல எங்க குடும்பப் பேரு வேற!"

"முப்பது வருஷமா குடை ஃபாக்டரிக்குள்ள உக்காந்து, நாள் முழுக்க விரிச்சு விரிச்சுப் பார்த்தேன். அப்ப எந்தப் பேய் வந்துச்சு? சம்பளக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தப்ப நீங்க யாரும் பயப்படலையே?"

ஷூஏ வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். பிறகு, "வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை. இரு, அவரையே கூட்டிட்டு வர்றேன். அவர்கிட்ட பேசு இந்தப் பேச்சை" என்று சொல்லி இறங்கப் பார்த்தாள். முக்காலி ஆடியது. விழப்போனவளைத் தாங்கி இறக்கிவிட்டது ருய்ஜூதான்.

எங்கள் ஹெமெய் ஊரில் குடை தைக்காத பெண்ணே கிடையாது. ஆனால் குடையைக் கலைப்பொருளாக்கிக் கூரையில் தொங்கவிட்டவள் இவள் ஒருத்திதான். ஓடாமல் கிடந்த அரிசி ஆலையை நாங்கள் சில பெண்கள் சேர்ந்து வெள்ளையடித்து, ஊர்க் கலைக்கூடமாக்கினோம். ஒவ்வொரு வசந்தத்திலும் பெண்களின் படைப்புகளை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி. வழக்கமாக எல்லாரும் வரையும் பியோனிப் பூவும் மலையும் அருவியும் இங்கே கிடையாது. ஒருத்தி தன் மார்பில் அறுவை சிகிச்சை செய்த தழும்பை மெழுகில் அச்செடுத்து வைத்தாள். இன்னொருத்தி, மாமியார் தன்னைத் திட்டிய திட்டுகளையெல்லாம் ஒலிப்பதிவு செய்து மின்சாரச் சோற்றுப் பானைக்குள் பொருத்தினாள். மூடியைத் திறந்தால் வசவு வரும். "இதெல்லாம் ஒரு கலையா? இதைத்தான் எங்க வீட்ல தினமும் இலவசமா கேக்கறேனே!" என்று அவள் கணவனே கேலி செய்தான். அப்படிச் சொன்னவன்தான் மூன்று முறை வந்து மூடியைத் திறந்து பார்த்தான்.

இந்தக் கூட்டத்தில் கடைசியாக வந்து சேர்ந்தவள் ருய்ஜூ. ஐம்பத்தெட்டு வயதில், தாயை அடக்கம் செய்த பிறகு, கையில் ஒரு தையல் பெட்டியோடு வந்து நின்றாள். "எனக்கு வரைய வராது. தைக்கத்தான் வரும்" என்றாள்.

அவள் தைத்தது தன் அக்காளின் கதையை.

மிங்யூ என்பது அக்காளின் பெயர். ஆரம்பப் பள்ளி முடிந்ததும் குடை ஃபாக்டரிக்குப் போனாள். தம்பி ஜின்ஷெங் கல்லூரி வரைக்கும் படித்தது அவள் சம்பளத்தில்தான். தங்கை ருய்ஜூவுக்குத் தலைவாரிப் பின்னியதும் அவள் கைதான். ஒரு மழை நாளில் வேலைக்குச் சைக்கிளில் போனவளை லாரி அடித்துப் போட்டது. அப்போது அவளுக்கு வயது இருபத்திரண்டு. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம்!

கல்யாணமாகாத பெண்ணின் பெயர், பிறந்த வீட்டு நடுக்கூடத்தில் வைத்துக் கும்பிடும் முன்னோர் பெயர்ப் பலகையில் ஏறாது. அந்தப் பலகையில் இடம், மருமகள்களுக்கு உண்டு, மகள்களுக்கு இல்லை. மகள் போய்ச் சேரவேண்டிய இடம் புருஷன் வீட்டுப் பலகை. புருஷனே இல்லாதவள் எங்கே போவாள்? மலையடிவாரத்தில் இருக்கும் கன்னியர் கோயிலுக்கு. மிங்யூவின் பெயரையும் அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள், முன்பின் தெரியாத பெண்களின் பெயர்களுக்கு நடுவே. உழைத்துப் போட்ட வீட்டில், விசேஷ நாளில் ஒரு கிண்ணம் சோறு வைக்க அவளுக்கு இடமில்லை.

ருய்ஜூவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள், இருந்தாள். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போனார்கள். ஃபாக்டரி வேலையைச் சில வருஷம் விட்டுவிட்டு, அவர்களுடைய மகன் யூஹாவைப் பள்ளிக்கூடம் போகும் வயதுவரை வளர்த்துக் கொடுத்தாள். ஒருமுறை நானும் அவளும் கன்னியர் கோயிலுக்குப் போயிருந்தோம். மிங்யூவின் பலகைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. ஊதுபத்தியைச் செருகிவிட்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்கே சாயங்காலம் ரொம்பக் குளிரும் போல இருக்குல்ல?" என்றாள்.  அவள் அக்காளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

இறந்தவரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும்போது, வெயில் படாமல் கருப்புக் குடை பிடிப்பது எங்கள் வழக்கம். ஊர் ஃபாக்டரிகளில் வீணாகக் கிடந்த கருப்புத் துண்டுகளைச் சேர்த்து, ஒரு குடும்பமே நிற்கக்கூடிய குடையாகத் தைத்தாள் ருய்ஜூ. உள்பக்கம் சிவப்பு நூலில் 'வெங் மிங்யூ' என்று பெயர். கீழே ஒரு நாற்காலி. அவ்வளவுதான்.

கண்காட்சி திறந்த மறுநாளே மீன் உருண்டை விற்கும் அம்மா ஒருத்தி வந்து அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு அக்கா உண்டு. அவ பேரையும் இதுல தைச்சுக்கலாமா?" என்றாள். ருய்ஜூ ஊசியை நீட்டினாள். அதன் பிறகு தினமும் யாராவது வந்தார்கள். சித்தி, அத்தை, கூடப் பிறந்தவள் என்று, வீட்டில் சொல்லக்கூடாத பெயர்களெல்லாம் சிவப்பு நூலில் ஏறின.

அண்ணன் ஜின்ஷெங் வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. நல்ல உயரமான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை. குடைக்குக் கீழே வராமல் அதன் விளிம்போரமாகவே நின்றார்.

"யூஹாவுக்கு அடுத்த மாசம் கல்யாணம். தெரியும்ல?"

"தெரியும் அண்ணே. கல்யாணக் கேக் பெட்டி நீங்கதானே கொடுத்தனுப்பினீங்க."

"பொண்ணோட அம்மா நேத்து இங்க வந்துட்டுப் போயிருக்கா. போன்ல என்ன கேட்டா தெரியுமா? 'உங்க வீட்ல செத்துப்போன ஒரு பொண்ணு இன்னும் வெளியிலேயே நிக்குதாமே, அந்த வீட்டுக்கா என் மகளை அனுப்பறேன்?'ன்னு கேட்டா. எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல."

"அவங்க கேட்டதுல தப்பில்லையே."

"ருய்ஜூ! என்னை என்ன பண்ணச் சொல்ற? அக்காவைப் பலகையில ஏத்தலாமான்னு அப்பா கட்டை போட்டு முன்னோர்கிட்ட கேட்டார். வேண்டாம்னு விழுந்துச்சு. நானா சொன்னேன்?"

பிறை வடிவ மரக்கட்டை இரண்டைத் தரையில் போட்டு, அவை விழும் விதத்தில் பதிலை அறிவதைத்தான் அவர் சொன்னார். ருய்ஜூ சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எத்தனை வருஷக் கசப்பு!

"அக்காவுக்காக அப்பா ஒரே ஒரு தடவை போட்டார், அண்ணே. நான் கதவுக்குப் பின்னால நின்னு பார்த்தேன். நீங்க வேலைக்கு மனுப் போட்டப்ப, சரின்னு விழற வரைக்கும் விடாமப் போட்டுக்கிட்டே இருந்தார். முட்டி வீங்கிப் போச்சு அவருக்கு. ஞாபகம் இருக்கா?"

ஜின்ஷெங்கின் முகம் சிவந்தது.  பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, கெஞ்சுவது போல் சொன்னார்.

"சரி, பழசை விடு. ஒண்ணு சொல்றேன், கேளு. யூஹாவை உனக்குப் பிள்ளை முறையா எழுதி வச்சுடறேன். நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவன் உன் பேரை வீட்டுப் பலகையில ஏத்துவான். ஊதுபத்தி கொளுத்துவான். நீ அந்த மலைக்குப் போகவேண்டாம். நம்ம வீட்லயே அம்மாகூட இருக்கலாம். இந்தக் குடையை மட்டும் இப்பவே மடக்கிடு."

 இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை வருஷம் ஏங்கியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தன் கையால் சோறூட்டி வளர்த்த பிள்ளையின் கையால் ஊதுபத்தி! தாய்க்குப் பக்கத்தில் ஓர் இடம்!

ருய்ஜூ நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.  கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"அக்காவுக்கும் சேர்த்து ஏத்துவானா?"

"அது நடக்காது. பெரியவங்க ஒருத்தரும் ஒத்துக்கமாட்டாங்க. உனக்கு வேணும்னா சொல்லு."

"அப்ப எனக்கு வேண்டாம்."

"பைத்தியமா உனக்கு? யோசிச்சுத்தான் பேசறியா?"

"இதை யோசிக்காத நாள் இல்ல அண்ணே. எனக்குப் பயமாத்தான் இருக்கு. செத்தப்புறம் தனியா இருக்கணுமேன்னு நினைச்சா ராத்திரி தூக்கம் வராது. ஆனா அக்காவை வெளியில நிக்க வச்சுட்டு நான் மட்டும் உள்ள வந்து உக்காரமாட்டேன். உங்களுக்கு ஃபீஸ் கட்டணும்னு அவ ஒரே ஜோடிச் செருப்பைத் தைச்சுத் தைச்சுப் போட்டா. அந்தக் காலோட வாசல்ல நிக்கறா. அவளைத் தாண்டி நான் எப்படி உள்ள வர்றது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் கை அந்தக் கருப்புத் துணியின் விளிம்பைத் தொடப் போனது. நான் வேண்டிக்கொண்டேன். ஆனால் அந்தக் கை பாதியிலேயே திரும்பிச் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"கடைசியா கேக்கறேன். மடக்குவியா, மாட்டியா?"

"இப்ப இதுல அக்கா பேர் மட்டுமா இருக்கு? மேலே பாருங்க. யாரைக் கேட்டு மடக்கறது?"

அவர் மேலே பார்க்கவில்லை.

"அப்படின்னா யூஹாவ் கல்யாணத்துக்கு நீ வரவேண்டாம்" என்றார். சொன்னவரின் குரலே உடைந்தது.

ருய்ஜூ அடி விழுந்தவள்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். நான் பிடிக்கப் போனேன். ஆனால் அவள் நிமிர்ந்துவிட்டாள்.

"சரி அண்ணே. சிவப்பு உறையில மொய் மட்டும் கொடுத்தனுப்பறேன். அத்தை கொடுத்துச்சுன்னு சொல்லி அவன் கையில குடுங்க. மத்தபடி ஒண்ணும் சொல்லவேண்டாம்."

அவர் திரும்பி நடந்தார். வாசலில் ஒருமுறை நின்றார்.

"படி ஒண்ணு உடைஞ்சிருக்கு. பார்த்து இறங்குங்க" என்றாள் ருய்ஜூ.

இறங்கிப் போனார்.

ஆலையின் அந்தப் பழைய மரக்கதவு கனமானது. நாங்கள் எப்போதும் இரண்டு பேர் சேர்ந்துதான் சாத்துவோம். நான் கைகொடுக்கப் போனேன். வேண்டாமென்று தலையசைத்தாள். தோளைக் கொடுத்து, ஒற்றை ஆளாகத் தள்ளி, கதவைச் சாத்தினாள்.