அவை மீண்டும் கூடும்போது

இது நடந்தது. நடுச்சாமத்தில் அல்ல. சுடுகாட்டு ஓரத்திலும் அல்ல. மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடியில், பட்டப்பகலில் நடந்தது. கீழே கண்டக்டர்கள் தேனி, பெரியகுளம் என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார்கள். பேய் வருவதற்குக் கொஞ்சமும் லாயக்கில்லாத இடம்.

நடந்தது அழகுராஜாவுக்கு. அவன் இதை யாரையும் நம்பவைக்க முயன்றதில்லை. பொய் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அது அவனிடம் இல்லை.

அவன் வேலை பேசுவது. நாடாளுமன்றத்தில் ஆங்கிலத்தில் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டே தமிழில் சொல்ல வேண்டும். சுப்பராமன் நடத்தும் இணையச் சேனலில் அது நேரலையாகப் போகும். அதற்காக அந்த லாட்ஜ் மாடியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை; ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி. பூத் என்பார்கள். உள்ளே இரண்டு நாற்காலி, இரண்டு மைக், இரண்டு ஹெட்போன். அரைமணி நேரத்துக்கு மேல் ஒருவரால் தாங்க முடியாது, மூளை காய்ந்துவிடும். அதனால்தான் இருவர். ஒருவர் பேச, மற்றவர் இளைப்பாறுவார்.

இரண்டாவது நாற்காலி சரண்யாதேவியுடையது. அவன் மனைவி.

மைக் திறந்திருக்கும்போது ஒருவரோடு ஒருவர் பேச முடியாது. அதற்கு அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இளைப்பாறியவர், பேசுகிறவரின் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து இருமுறை அழுத்துவார். 'இனி நான்' என்று அர்த்தம். பேசுகிறவர் எடுத்த வாக்கியத்தை முடித்து, மைக்கை மூடிச் சாய்ந்துகொள்ளலாம். பாதியில் கைமாற்றக் கூடாது. அதில் சரண்யா கறார்.

"ஆரம்பிச்சவுகதான் முடிக்கணும். பாதியைக் கொண்டாந்து அடுத்தவுக தலையில கட்டக் கூடாது" என்பாள்.

போன கூட்டத்தொடரின் கடைசி நாள். கலை, பண்பாட்டுக்கான அரசுப் பணத்தையெல்லாம் ஒரே நிதியாக்கித் தில்லியிலிருந்து பங்கிடும் மசோதா. மந்திரி பதிலுரை தொடங்கியிருந்தார். சரண்யாவின் முறை. காலையிலிருந்தே அவளுக்குத் தலைவலி. நெற்றி நிறைய நீலகிரித் தைலம்.

"இந்த மசோதாவின் நோக்கம், கிராமக் கலைஞர்களின் உதவித்தொகையை..." என்றாள்.

நின்றுவிட்டாள்.

அதே நொடியில் அவையில் ஒரே கூச்சல். மந்திரியின் மீதிப் பேச்சு அதில் அமுங்கிப் போயிற்று. அவை ஒத்திவைக்கப்பட்டது. சேனலைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பூத்துக்குள் அவள் தலை மேசைமேல் கிடந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் விடியும்போது அவள் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அழகுராஜா வேலைக்கு வந்துவிட்டான். தனியாகவே பேசினான். வேறு ஆள் வேண்டாம் என்றான். அழவில்லை. தூங்கவும் இல்லை. வீட்டில் படுத்தால் விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

மசோதா மறுபடி அவைக்கு வரும் நாளுக்கு முன்தினம் சுப்பராமன் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதே அழகு. உன் குரல்ல உயிரே இல்லை. கேக்கறவா குறைஞ்சுண்டே போறா. கம்ப்யூட்டர் குரல் வந்தாச்சு. அது களைச்சுப் போகாது, லீவும் கேக்காது. நாளைக்கு மட்டும் நீ பண்ணு. எங்கயாவது பேச்சு அறுந்து போச்சுன்னா, திங்கக்கிழமை பூத்தைப் பிரிச்சுடறேன்."

"சரி சார்."

வேலை போனால் போகட்டும். பூத் போகக் கூடாது. வீட்டில் அவள் புடவைகளை அவள் அம்மா வீட்டார் எடுத்துப் போய்விட்டார்கள். எஞ்சியது இந்த அறைதான். இரண்டாவது நாற்காலிக்குப் பின்னால், சுவர்ப் பஞ்சில், அவள் தலை சாய்த்துச் சாய்த்து விழுந்த ஒரு குழி இருக்கிறது.

மறுநாள் காலையில் பேரையூரிலிருந்து ஒச்சம்மாள் போன் செய்தார். கரகாட்டக்காரர். மூட்டு தேய்ந்துபோய், அரசு உதவித்தொகையில் காலம் தள்ளுகிறார். விவாதம் நடக்கும் நாளெல்லாம் கூப்பிடுவார்.

"தம்பி, எங்க காசு நிக்குமா, நிக்காதா? இன்னைக்காவது சொல்லுவாகளா?"

"மந்திரி மதியம் பேசுவாரும்மா."

"போன தடவை பாதியில நிப்பாட்டிட்டீக. அம்புட்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. அந்தப் புள்ள எங்க? அது பேசுனா மந்திரியே என் வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கும். நீ பேசுனா தாலாட்டுப் பாடுற மாதிரில்ல இருக்கு."

"லீவும்மா" என்றான். அவரிடம் இதுவரை அப்படித்தான் சொல்லியிருந்தான்.

பூத்துக்குள் நுழைந்தபோது இரண்டாவது ஹெட்போன் மேசைமேல் இருந்தது. அது எப்போதும் சுவர் ஆணியில் தொங்கும். சவுண்ட் பார்க்கும் மருதுவிடம் கேட்டான். மருது வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. சரண்யாவைப் பார்த்ததில்லை.

"நான் தொடலண்ணே."

எடுத்து ஆணியில் மாட்டப் போனான். காது வைக்கும் மெத்தை... சூடாக இருந்தது.

வெயில் காரணமாக இருக்கும். மாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

மதிய இடைவேளை முடிந்து இரண்டு மணிக்கு அவை மறுபடி கூடியது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்தார். தில்லியில் மூன்று நாள் திருவிழாவுக்கு விளக்குப் போட்ட செலவில் எங்கள் மாவட்டத்துக் கலைஞர்கள் ஒரு வருடம் சாப்பிடுவார்கள் என்றார். ஆளுங்கட்சி மேசையைத் தட்டியது. இன்னொருவர் எழுந்து, பண்பாட்டுக்குச் செலவு பார்க்கலாமா என்று கேட்டார். சிரிப்பு. அழகுராஜா எல்லாவற்றையும் தமிழில் சொன்னான். கோபத்தையும் சிரிப்பையும் ஒரே குரலில் சொன்னான்.

மந்திரி எழுந்தபோது மணி இரண்டே முக்கால். முக்கால் மணி நேரமாக ஒரே மூச்சில் பேசியிருந்தான். கண் இருட்டியது. சொற்கள் காதுக்கும் வாய்க்கும் நடுவில் எங்கோ தங்கிப்போயின. கண்ணாடிக்கு வெளியே மருதுவின் நாற்காலி காலி. டீக்குப் போயிருந்தான்.

அப்போதுதான் வாசனை வந்தது.

நீலகிரித் தைலம்.

பூத்தின் கதவு மூடியிருந்தது. அவன் பேசிக்கொண்டே இருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு அறுந்துவிடும்.

பக்கத்தில் நாற்காலி கிறீச்சென்றது...

ஒருவர் எடை இறங்கும் சத்தம்.

அவன் இன்னொரு வாக்கியம் எடுத்தான்.

மணிக்கட்டில் இரண்டு விரல்கள்.

ஒரு அழுத்தம்.

இன்னொன்று.

வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். அவனுக்குப் பல வருடப் பழக்கம். கை தன் போக்கில் வேலை செய்தது. வாக்கியத்தை முடித்தான். மைக்கை மூடினான். ஹெட்போனைக் கழற்றிச் சாய்ந்தான்.

தூங்கிப்போனான்.

விழித்தபோது மூன்றே கால். அரைமணி நேரம்! அவன் மைக் மூடிக் கிடந்தது. ஹெட்போனைக் காதில் வைத்தான். மந்திரி பேசி முடித்திருந்தார், ஓட்டெடுப்பும் முடிந்து அவை வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தது. எல்லாம் போயிற்று என்று நினைத்தான். பூத், குழி, எல்லாம்.

வலது பக்கம் பார்த்தான். நாற்காலியில் யாரும் இல்லை. இரண்டாவது ஹெட்போன் மறுபடி மேசைமேல் இருந்தது.

இரண்டாவது மைக்கில், மைக் திறந்திருந்தால் மட்டும் எரியும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. ஒச்சம்மாள்.

"வந்திருச்சே அந்தப் புள்ள! நல்லா இருக்கணும். போன தடவை விட்ட இடத்துலருந்தே எடுத்துச்சு பாரு... எங்க காசை நிறுத்த மாட்டாகளாம்ல. இன்னைக்குத்தான் வயிறு நெறையச் சாப்பிட்டேன்."

அவன் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

மருது கதவைத் திறந்தான்.

"அக்கா போயிட்டாங்களாண்ணே? என்னா குரலு! டீக்கடையில செல்லுல கேட்டுக்கிட்டே நின்னுட்டேன். நான் டீ குடிக்கப் போனப்ப வந்தாங்க போல. போனதையும் பாக்கலியே..." அழகுராஜாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "என்னண்ணே?"

சுப்பராமன் சாயங்காலம் நேரிலேயே வந்தார். படியேறும்போதே கத்தினார்.

"செத்துப்போனவளோட பழைய ரெக்கார்டிங்கைப் போட்டு ஊரை ஏமாத்தறயா? உனக்கே இது அசிங்கமா இல்லையா?"

"நான் போடல சார்."

"பின்னே யார் போட்டா?"

மருது பதிவை எடுத்தான். முதலில் அழகுராஜாவின் குரல், ஒரு வாக்கியத்தை முடித்து நின்றது. பிறகு அவள் குரல். கொஞ்சமும் அவசரமில்லாமல்.

"...நிறுத்துவது அல்ல."

போன கூட்டத்தொடரில் அவள் விட்ட வாக்கியத்தின் மீதி அது. அன்று கூச்சலில் யார் காதிலும் விழாதது. இன்று மந்திரி அதைச் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் இன்றைய பேச்சு. இன்று காலை அவையில் நடந்த ஒரு சண்டையை மந்திரி குறிப்பிட்டார். அதையும் அவள் தமிழில் சொல்லியிருந்தாள். பழைய பதிவில் அது இருக்க வழியில்லை.

மருது ஆங்கிலத்தையும் தமிழையும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் திரையில் வைத்தான். வழக்கமாகத் தமிழ் கொஞ்சம் பின்னால் வரும். கேட்டபிறகுதானே சொல்ல முடியும்? மருது திரையில் கை வைத்தான்.

"சார்... ஒரு உறுப்பினர் மந்திரி பேச்சுல குறுக்க எந்திரிக்கிறாரு. அவர் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே அக்கா 'குறுக்கீடு'ன்னு சொல்றாங்க."

தமிழ்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

சுப்பராமன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். இறங்கிப் போனார். மறுநாள் போனில் சொன்னார்: "பூத் இருக்கட்டும். நீயே பேசு. நான் மட்டும் இனி மாடிக்கு வரமாட்டேன்."

அடுத்த மாதமும் ஒச்சம்மாளுக்கு உதவித்தொகை வந்தது.

அத்தோடு முடிந்திருந்தால் அழகுராஜாவும் அதை மெல்ல மறந்திருப்பான். பத்து நாள் கழித்து, பதிவைச் சேமித்து வைப்பதற்காக மருது கடைசிவரை ஓடவிட்டான். அழகுராஜாவைக் கூப்பிட்டான்.

"அண்ணே, இதைக் கேளுங்க."

ஓட்டெடுப்பு முடிந்த இடம். மசோதா நிறைவேறியது என்று அவள் சொல்கிறாள். தில்லியில் அவை அன்று ஒத்திவைக்கப்படவில்லை. உடனே அடுத்த அலுவலுக்குப் போயிற்று. ஆனால் அவள் இன்னொரு வாக்கியம் எடுத்திருந்தாள். ஆங்கிலப் பதிவை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்கள். அவையில் யாரும் அதைச் சொல்லவில்லை.

"அவை மீண்டும் கூடும்போது..."

பிறகு வெறும் இரைச்சல். கீழே யாரோ தேனி, தேனி என்று கூவும் சத்தம்.

"மிச்சம் எங்கண்ணே?" என்றான் மருது.

அழகுராஜா எழுந்து பூத்துக்குள் போனான். இரண்டாவது ஹெட்போனை ஆணியிலிருந்து எடுத்துத் துடைத்து, மேசைமேல் வைத்தான்.

ஆரம்பித்தவர்கள்தான் முடிக்க வேண்டும்.