தங்கியவர்கள் பதிவேடு

துரை பங்களாவின் கதவைத் திறந்ததும் முதலில் பினாயில் வாடை அடிக்கும். அதன் பின்னாலேயே வௌவால் வாடையும் வந்துவிடும். மானாம்பதி போகும் வழியில், ஏரிக்கரையை ஒட்டிய மேட்டில், எந்தக் காலத்து மிராசுதாரரோ கட்டி, பிறகு வெள்ளைக்காரத் துரைமார் குடியிருந்து, கடைசியில் அதிகாரிகள் ‘கேம்ப்’ வந்தால் தங்கும் இடமாக ஆன மாளிகை அது. என் அப்பா, எங்களுக்கு ‘நைனா’, அதற்குக் காவல்காரர். பின்பக்கத்து அறை ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். தாலுகா ஆபீஸ் கடிதம் இல்லாமல் முன்கதவைத் திறந்தால் வேலையும் போகும், அந்த அறையும் போகும் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தேன்.

எழுபதுகளின் கடைசியில், நான் ஆறாம் வகுப்புப் படித்த ஐப்பசியில், மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் ஏரி உடைப்பெடுத்து, கீழே இருந்த காலனிக்குள் தண்ணீர் புகுந்தது. நடவு வேலைக்குப் போகும் கங்கம்மா, பட்டப்பகலில், இடுப்பில் குழந்தையோடு பங்களாப் படியேறி வந்தாள். அவள் பின்னால் இருபது பேர்.

“அண்ணே, வூடெல்லாம் முயுகிக்கினு கீது. புள்ளைங்களயாவது உள்ள வுடு.”

“லெட்டர் இல்லாம தொறந்தா எனக்கு வேல பூடும், கங்கம்மா” என்ற நைனா, அவள் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். திறந்துவிடுவாரோ என்றும் பயந்தேன். திறக்காமல் இருந்துவிடுவாரோ என்றும் பயந்தேன்.

திறந்தார். ஆனால் ஒரு சட்டத்தை மீறிய மனுஷருக்கு இன்னொன்றையும் மீற மனசில்லை. “பேரு எய்தாம யாரும் இங்க தங்கக் கூடாது. நீ எய்தும்மா” என்று பதிவேட்டை எடுத்து, புதுப் பக்கமாகப் பிரித்து என்னிடம் நீட்டினார். அதில் ‘பதவி’ என்று ஒரு கட்டம். முந்தைய பக்கம் வரை தாசில்தாரும் சப்-கலெக்டருமாக இருந்த அந்தக் கட்டத்தில் ‘நடவு’, ‘களையெடுப்பு’, ‘கைக்குழந்தை’ என்று எழுதினேன். “எனக்கும் பதவி கீதா?” என்று நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே கங்கம்மா சிரித்தாள்.

தண்ணீர் வடிந்து அவர்கள் போனபின் எங்களுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டாலே நைனா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். ஒரு மாதம் கழித்து அதிகாரி வந்தார், பதிவேட்டைப் புரட்டினார், கையெழுத்துப் போட்டார், ஒன்றும் கேட்கவில்லை. படிக்கவில்லையா, படித்தும் சும்மா விட்டாரா என்று வருஷக்கணக்காகக் குழம்பினேன்.

இன்று அந்த மேட்டில் மாளிகை இல்லை. இடித்து, கதவையும் உத்திரத்தையும் ஏலம் போட்டுவிட்டார்கள். பதிவேடுகள் எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போயினவோ. நைனா காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். வேட்டிகளுக்கு அடியில், நாலாக மடித்து, என் ஆறாம் வகுப்புக் கையெழுத்தோடு, கிழித்தெடுத்த அந்த ஒரு தாள் இருந்தது. அதிகாரி வருமுன்பே பயந்து கிழித்தவருக்கு அதை அடுப்பில் போட மட்டும் கை வரவில்லை. துரை பங்களாவில் யார் யார் தங்கினார்கள் என்று கேட்டால், இப்போது எழுத்தில் மிஞ்சியிருப்பது கங்கம்மாவின் பெயரும் அவளோடு வந்தவர்களின் பெயர்களும்தான்.