ரத்தம் தெரியாத கேஸ்

எங்கள் ஆம்புலன்ஸில் சைரன் சுவிட்சின் மேல் எப்போதும் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். ஒட்டியவர் எங்கள் சீனியர். தங்கவயல் சுரங்கத்தில் முதலுதவிக்காரராக இருந்துவிட்டு, தொண்ணூறுகளில் பெங்களூருக்கு வந்து, லிங்கராஜபுரத்தில் நான் நர்சாக இருந்த ஆஸ்பத்திரி வண்டியில் சேர்ந்தவர். பாறை விழுந்து நசுங்கியவர்களைத் தூக்கிப் பழகிய கை. அவசரம் என்றால் அவருக்கு ரத்தம் தெரிய வேண்டும். ரத்தக் கேஸ் வந்தால் பிளாஸ்திரியை அவரே உரிப்பார். முடிந்ததும் புதிதாக ஒட்டுவார். காய்ச்சல் கேஸ் ஏறினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"ஜுரத்துக்கெல்லாம் ஊளையிட்டா ரோட்ல எவன் சிஸ்டர் மதிப்பான்? டிரிப்பு, ஊசியெல்லாம் டாக்டர் வேலை. நம்ம வேலை கொண்டுபோய் சேக்கறது."

புண்ணின் விஷம் உடம்பெல்லாம் பரவினால் வெளியே ஒரு சொட்டு ரத்தமும் தெரியாது என்று நான் வாதாடுவேன். "இந்தப் பாடத்த வார்டுல நடத்துங்க" என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மழைக்காலத்தில் அவர் காலில் ஆணி ஏறியது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். சில நாளில் அவரையே அல்சூர் வீட்டிலிருந்து அதே வண்டியில் ஏற்றினோம். நெற்றி கொதித்தது, கைகால் சில்லிட்டிருந்தது, நாடி பிடிக்குள் நிற்காமல் ஓடியது. ஏரிக்கரை ரோட்டில் நெரிசல். "சைரன் போடுங்கண்ணா!" என்று கத்தினேன். டிரைவர் கண்ணாடியில் சீனியரைப் பார்த்தார். அவர் படுத்தபடியே விரலை ஆட்டினார்.

"ரத்தம் எங்கப்பா இருக்குது? மானத்த வாங்காத."

டிரைவரின் கை இறங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் சீனியரின் பேச்சு சுரங்கத்துக்குள் போய்விட்டது. "கூண்ட மேல இழுங்கடா, உள்ள ஆளு இருக்கான்" என்று, சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்கும் கூண்டை நினைத்து அரற்றினார். அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை. டிரைவர் முதுகுக்குப் பின்னாலிருந்த சின்ன ஜன்னல் வழியே கையை நீட்டி நகத்தால் பிளாஸ்திரியைச் சுரண்டினேன். கட்டுப் போட்டே பழகியவர் ஒட்டியது, லேசில் வரவில்லை. சைரன் அலறியதும் பஸ், ஆட்டோ எல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. யாரும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது அவருக்கு மூச்சில்லை.

செத்த மனிதர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு இன்னும் கோபம்தான். இத்தனை பேரைத் தூக்கியவர் தன்னைத் தூக்க விடவில்லையே. இப்போதெல்லாம் காய்ச்சல் கேஸுக்கும் வண்டியிலேயே டிரிப் ஏற்றுகிறார்கள், சைரன் போட்டுப் பறக்கிறார்கள். தெருவோரம் ஒதுங்கி நிற்கும்போது என் கட்டைவிரல் தானாக ஆள்காட்டி விரலின் நகத்தைத் தேய்க்கிறது. அந்தப் பிளாஸ்திரியின் பிசின் இன்னும் போகவில்லை.