செருப்புக்குக் காவல்

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் ஒரு நாத்திகனால் அவன் குடும்பத்துக்கு ஒரு லாபம் இருந்தது. செருப்புக்கு டோக்கன் வாங்க வேண்டாம். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குள் போவாள். நான் கிழக்குக் கோபுரத்துக்கு வெளியே, பூக்கடை ஓரமாக, இரண்டு ஜோடிச் செருப்போடு நிற்பேன். "பாத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவாள். பகவானைப் பார்க்காதவன் செருப்பையாவது பார்க்கட்டும் என்று மாமனார் வீட்டில் கேலி. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. சாமிக்குப் பயந்து நல்லவர்களாக இருப்பவர்களைவிட, யாருக்கும் பயப்படாமல் நல்லவனாக இருக்கும் நான் ஒரு படி மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பிரதோஷத்தன்று நாற்பது வயது இருக்கும் ஒருவர், வயதான தன் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

"சார், நீங்க உள்ள போகலையா?"

"இல்ல, இங்கதான் நிப்பேன்."

"அப்ப அம்மாவக் கொஞ்சம் பாத்துக்கங்க. கூட்டத்துல அவங்களால நிக்க முடியாது. தோ, வந்துடறேன்."

பக்கத்துக் கடைப்படியில் அம்மாவை உட்கார வைத்து, தன் செருப்பை அவள் காலடியில் கழற்றிவிட்டுப் போனார். புதுச் செருப்பு. வார்கூட இன்னும் மடங்கவில்லை. அந்த அம்மா குனிந்து இரண்டு கையாலும் அதை இழுத்து, நுனி பிசகாமல் சேர்த்து வைத்தாள்.

"நீ சாமி கும்பிடலயா தம்பி?"

"எனக்கு நம்பிக்கை இல்லம்மா."

"அதுக்கென்ன. நீதான் கூட நிக்கிறியே."

மனைவியும் மகளும் வெளியே வந்தார்கள். அவர் வரவில்லை. அரைமணி கழித்து மனைவியையே திரும்ப உள்ளே போய்த் தேடச் சொன்னேன். கூட்டம் கலைந்துவிட்டது, அப்படி யாரும் இல்லை என்று வந்து சொன்னாள். குளத்துப் பக்கம் இன்னொரு வாசல் இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதுச் செருப்பை விட்டுவிட்டு எவனாவது போவானா என்று எனக்குள் வாதாடிப் பார்த்தேன். பெற்றவளையே விட்டுவிட்டுப் போகிறவனுக்குச் செருப்பு எம்மாத்திரம்.

வீடு எங்கே என்று அந்த அம்மாவைக் கேட்டேன். "பஸ்ல வந்தோம்" என்றாள். எந்த ஊர், மகன் பெயர் என்ன, எதைக் கேட்டாலும் அதே பதில்தான். நடுநடுவே "வந்துடுவான்" என்பாள்.

மகள் பசியில் சிணுங்கினாள். மறுநாள் அவளுக்குப் பரீட்சை. வீடு அடையாற்றில். அந்த அம்மாவைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகலாம், எத்தனை நேரம் ஆகுமோ. எங்கள் வீட்டுக்கே அழைத்துப் போகலாம், ஆனால் மகன் திரும்பி வந்து தேடினால்? இந்தக் கடைசிக் காரணம் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. பூக்காரம்மாவிடம் சொன்னேன். "நீ போ சார், நான் இங்கதான கீறேன்" என்றாள்.

கிளம்பும்போது அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "போறியா தம்பி?"

"சாமி பாத்துப்பாரும்மா" என்றேன்.

நான்தான் சொன்னேன். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு என் வாயில் சாமி வந்தது அந்த ஒரு தடவைதான். மனைவி சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள்.

விடிந்ததும் ஓடினேன். புதுச் செருப்பு மட்டும் இருந்தது, அவள் சேர்த்து வைத்தபடியே.

"நடை சாத்தற வரைக்கும் குந்திகினு இருந்துச்சு. நான் கடைய கட்டிகினு போய்ட்டேன்" என்றாள் பூக்காரம்மா. "சாமி பாத்துக்கும்னு நீதான சார் சொன்னே."

ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, குளத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் என்று ஒரு வாரம் அலைந்தேன். மகன் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பான் என்று மனைவி சமாதானம் சொல்வாள். செருப்பை விட்டுவிட்டா என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டதில்லை.

"ஒரு தடவை உள்ள வந்து மன்னிப்புக் கேட்டுக்கோங்கோ. மனசு லேசாயிடும்" என்றாள் ஒருநாள். அவளைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. எனக்கு மன்னிப்புத் தரக்கூடியவள் ஒருத்திதான். அவள் எங்கே போனாள் என்று தெரியாது.

இன்றைக்கும் கோயில் வாசலில் எந்தக் கிழவி உட்கார்ந்திருந்தாலும் முதலில் அவள் கால்களைத்தான் பார்க்கிறேன். முகத்தைப் பார்க்கப் பயம். அன்று அந்தத் தெருவில் அத்தனை பேர் இருந்தார்கள். சாமி பார்த்துக்கொள்ளும் என்று அவர்களில் யார் சொல்லியிருந்தாலும் நம்பிச் சொன்னதாக ஆகியிருக்கும். பார்த்துக்கொள்ள அங்கே வேறு யாரும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தவன் நான் ஒருவன்தான்.