மூன்றாம் மேசையில் சித்தி

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. விடியற்காலைத் தூறல் நின்றிருந்தது. வானம் மட்டும் மூடியே கிடந்தது. மருத்துவக் கல்லூரியின் முதல் மாடியில், சன்னல்களுக்குக் கறுப்புத் திரையிட்ட அறையில், அவர் பெரியப்பாவின் நெற்றியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவுக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை, புருவமும் இல்லை. பயிற்சி மருத்துவர்கள் கண்ணைச் சோதித்துப் பழகுவதற்கென்று செய்யப்பட்ட பொம்மைத் தலை அது. அடுத்த மேசையில் மாப்பிள்ளை. அதற்கடுத்த மேசையில் சித்தி. கல்லூரிப் பதிவேட்டில் அவை சிமுலேட்டர் ஒன்று, இரண்டு, மூன்று. உறவுமுறை வைத்தவர் இவர். மாப்பிள்ளை புதியவர், கணினித் திரையோடு வந்தவர், வாரத்தில் இரண்டு நாளாவது இயங்க மறுப்பவர்.

"முறுக்கிக்கிட்டாரு சார்" என்பார், பின்புறக் கம்பியைப் பிடுங்கிச் செருகியபடி. "கொஞ்ச நேரம் கண்டுக்காம விட்டா தானா வழிக்கு வந்துடுவாரு."

அந்த அம்மா எங்கள் அடுத்த வீட்டுக்காரர். வயது நாற்பத்திரண்டு. எட்டு ஆண்டுகள் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் பவர் பார்த்தவர். பதினோர் ஆண்டுகளாக இந்தப் பயிற்சியறையின் பொறுப்பாளர். ஒப்பந்தப் பணி, ஆண்டுதோறும் நீட்டிப்பு ஆணை வந்தாக வேண்டும். இவ்வாண்டின் ஆணை இன்னும் கையெழுத்தாகவில்லை. கணவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். "பதினேழு வருஷமா குடித்தனம் பண்றோம் சார். என் முகம் எப்படியிருக்கும்னு இவளைக் கேட்டுப் பாருங்க, தெரியாது. பேசும்போதெல்லாம் கண்ணுக்கு உள்ளதான் பார்க்கறா" என்று அவர் என்னிடம் முறையிட்டதுண்டு.

பயிற்சியில் அந்த அம்மாவின் விதிகள் சில, விலக்குகள் இல்லை. கையடக்கமான ஒளிக்கருவியைத் தம் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, எதிரிலிருப்பவரின் கண்மணி வழியே ஆழத்தைப் பார்க்க வேண்டும். பார்வை நரம்பு தொடங்கும் இடம் அங்கே ஒரு வட்டமாகத் தெரியும். 'டிஸ்க்' என்பது அவர்கள் வழக்கு. அதைக் காண்பதற்கு இரண்டு விரல் இடைவெளி வரை நெருங்க வேண்டும். "வலது கண்ணுக்கு உன் வலது கண்ணு. இடதுக்கு இடது. மாத்திப் போனா முத்தம்தான்" என்பார். வருங்கால மருத்துவர்கள் சிரிப்பார்கள், அவர் சிரிக்கமாட்டார். பொம்மையாயினும் நெருங்குமுன் அனுமதி கேட்க வேண்டும். கேட்காதவரைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிடுவார். "சித்திகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம மூஞ்சில மூஞ்சி வைப்பியா? வெளிய போய்த் திரும்ப வா."

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: "பார்த்ததைச் சொல்லு. படிச்சதைச் சொல்லாத."

அன்று தேர்வு. பன்னிரண்டு பேர், நான்கு மேசைகள். மூன்றில் பொம்மைகள்; நான்காவதில், திரைக்கு அப்பால், நான். சர்க்கரை நோயாளி என்பதும் ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதும் அந்த நாற்காலிக்கு எனக்கிருந்த தகுதிகள். "உசிரோட ஒரு கண்ணு வேணும் சார். ரெண்டு மணி நேரம் ஆடாம உட்காருங்க, போதும்" என்று அழைத்து வந்திருந்தார். கண்மணி விரிய மருந்து விட்டார். கால் மணி நேரத்தில் என் கைரேகைகூட எனக்குப் புலப்படவில்லை. மங்கலான உருவங்களும் காதும் மட்டுமே மீதமிருந்தன.

அந்தப் பன்னிருவரில் ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் வழியில் சொல்லியிருந்தார். உயரமானவள், தோழியர் வைத்த பெயர் ஒட்டகச்சிவிங்கி. இருமுறை தோற்றவள். இம்முறையும் தோற்றால் இதே துறையில் இன்னும் ஆறு மாதம்; உடன் படித்தவர்கள் எல்லாரும் புறப்பட்டுப் போய்விடுவார்கள். "குனியறதுக்குள்ள லைட்டு எங்கயோ போயிடுது சார் அவளுக்கு. போன வாரம் மொத தடவையா டிஸ்க்கைப் பிடிச்சுட்டா. 'தெரியுது மேடம்!'னு கத்தினதுல சித்தி நெத்தியில முட்டிக்கிட்டா."

தேர்வு தொடங்கும் வேளையில் மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டார். சித்தியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

சித்தியின் மேசைக்கும் என் நாற்காலிக்கும் இடையே துணித்திரை ஒன்றுதான். அங்கே இளம் விரிவுரையாளர் ஒருவர் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு மதிப்பெண் இட்டார். "டிஸ்க் இளஞ்சிவப்பு, ஓரம் தெளிவு, ரத்தக்குழாய்கள் சரி. நார்மல் சார்" என்றான் முதலாமவன். "குட்" என்றார் அவர். இரண்டாமவளும் அதையே சொன்னாள், அதே வரிசையில். ஒப்புவிக்கும் குரல் எனக்குப் புதிதன்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். இடையில் இருவர் மட்டும் இரத்தக்கசிவைக் கண்டார்கள். "ஏழு மணிப் பக்கம் சார்" என்று கடிகார முள்ளின் இடத்தையும் சேர்த்துச் சொன்னான் ஒருவன்.

ஏழாவதாக வந்தவளின் குரல் வெகு உயரத்திலிருந்து கேட்டது; ஒட்டகச்சிவிங்கிதான். சித்தியிடம் அனுமதி கேட்டாள். பின் குனிந்து நிமிர்ந்து மறுபடி குனியும் கோட்டின் சரசரப்பு.

"என்னம்மா தெரியுது?"

"வெறும் வெளிச்சம்தான் சார் தெரியுது. வேற ஒண்ணும் தெரியல."

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டேன் சார். தெரியல."

பேனா சிறிதாக ஒரு சுழி சுழித்தது. அடுத்து என் மேசைக்கு வந்தாள் அவள். "கிட்ட வரலாமாய்யா?" என்று கேட்டாள். என் வலக்கண்ணைச் சரியாகவே பார்த்துச் சொன்னாள். ஆயினும் மூன்றாம் மேசைச் சுழியை அது ஈடுசெய்யாது.

தேர்வு முடிந்தது. பயிற்சி மருத்துவர்கள் கலைந்தார்கள். மதிப்பெண் பட்டியல் எதிர் அறையிலிருந்த பேராசிரியரிடம் போயிற்று. என்னை வீட்டுக்கு அழைத்துச் செல்ல வந்த பொறுப்பாளர், கைக்குட்டைக்காக வெள்ளைக் கோட்டின் பைக்குள் கைவிட்டார். கை வெளியே வரவில்லை.

"என்ன ஆயிற்று?" என்றேன்.

"சித்தியோட ஸ்லைடு சார்."

கட்டைவிரல் நகத்தளவுச் சில்லு அது. விழித்திரையின் படம் பதித்தது. பொம்மையின் பிடரியிலுள்ள பிளவில் அதைச் செருகினால்தான் கண்ணுக்குள் காண்பதற்கு ஏதேனும் இருக்கும். அவர் சித்தியைத் திருப்பிப் பார்த்தார். பிளவு காலி.

"துடைக்க எடுத்தேன். மாப்பிள்ளை கூப்பிட்டாரு. பையில போட்டுட்டு ஓடிட்டேன். உள்ள வெறும் வெள்ளைச் சுவருதான் சார் இருந்திருக்கு, காலையிலேர்ந்து."

"ஏழாவது பெண் மட்டும்தான் தெரியவில்லை என்றாள். ஒன்பது பேர் நார்மல் என்றார்களே?"

"இந்த ஸ்லைடு நார்மல்தான். விடைத்தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு."

சற்று நேரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை போட்டுக்கொண்டு எதிர் அறைக்குப் போனார். இரண்டு கதவுகளும் திறந்திருந்தன.

"சார், மூணாம் மேசை மார்க்கை நிறுத்திடுங்க. சித்திக்குள்ள ஸ்லைடே இல்ல."

"எந்தச் சித்தி?"

"மூணாவது சிமுலேட்டர் சார். துடைக்க எடுத்தேன், திரும்ப வைக்கல. தப்பு என்னோடது."

நாற்காலி பின்னோக்கி நகர்ந்த ஓசை.

"பரீட்சை அன்னைக்கா இப்படி? உங்க நீட்டிப்பு ஃபைல் இதோ என் முன்னாடி கிடக்கு. இதை எழுத்துல குடுத்தா அதுலதான் சேரும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். இப்பவே எழுதித் தர்றேன்."

தாள் சலசலத்தது. பேராசிரியர் முணுமுணுத்தபடி படித்தார். "நார்மல்... நார்மல்... ரத்தக்கசிவு." தாளை விரலால் தட்டினார். "ஏழு மணிக்கு வேற!" நீளமாகக் கோடு இழுபடும் ஓசை கேட்டது. "சரி, மூணாம் மேசையை மொத்தமா அடிச்சாச்சு. நாளைக்குக் காலைல பன்னிரண்டு பேரும் திரும்ப வரட்டும்."

"பதினொரு பேரு வந்தா போதும் சார்."

"ஏன்? அந்த ஏழாவது பொண்ணு மட்டும் அப்படி என்ன பார்த்துச்சு?"

"அதுவும் ஒண்ணும் பார்க்கல சார். பார்க்கலன்னு சொல்லுச்சு."