மாரித்தாயின் அட்டை வயது

நெற்றியில் மூன்று பொட்டு, கன்னத்துக்கு இரண்டிரண்டு, மூக்கில் ஒன்று. மோதிர விரலால் கீழிருந்து மேலாகத்தான் தேய்க்க வேண்டும். மேலிருந்து கீழே இழுத்தால் தோல் தொங்கிவிடுமாம். தாயில்பட்டி மாரித்தாய் விடிந்ததும் கண்ணாடி முன்னால் செய்யும் முதல் வேலை இது. கழுத்துக்கு வரும்போது டப்பாவை மூடிவிடுகிறார். "கழுத்துக்கும் போட்டா மாசக் கடைசிக்கு வராது அண்ணாச்சி. அதைச் சேலை மறைச்சுக்கிடும்" என்கிறார் என்னிடம்.

இளமை திரும்பும் கிரீமாம். சிவகாசியில் அழகு நிலையம் வைத்திருக்கும் பானுப்பிரியா கொடுத்தது. என்ன மருந்து, எவ்வளவு என்று டப்பாவில் ஒரு வரி கிடையாது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். பட்டாசுப் பெட்டியில்கூட உள்ளே இருப்பதை அச்சடிக்கிறார்கள். ஏழாம் நாளே கன்னம் சிவந்து தோலுரிந்தது. "பளய தோலு போயி புதுத் தோலு வருதுக்கா" என்றாளாம் அந்தப் பெண். சொல்ல அவளுக்கு நாக்குக் கூசவில்லை.

மினுக்கிக்கொள்ளும் ஆசையெல்லாம் மாரித்தாய்க்கு இல்லை. அவருக்கு வயது நாற்பத்தாறு. ஆதார் அட்டையில் ஐம்பத்தைந்து. பதின்மூன்று வருடம் முன்பு ஊரில் முகாம் போட்டபோது, பட்டாசுக் கம்பெனி வேனைவிட்டு இறங்கியவர் நேரே போய் வரிசையில் நின்றுவிட்டார். பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலை. அந்த அலுமினியப் பொடியைப் போக்க எண்ணெய் தேய்த்து ஊறிக் குளிக்க வேண்டும். அதற்குள் முகாமை முடித்துவிடுவார்கள். பிறந்த தேதி தெரியாது என்றதும், கம்ப்யூட்டர் முன் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தலையெல்லாம் வெள்ளி, முகமெல்லாம் சாம்பல். ஜனவரி ஒன்று என்று போட்டு, வாய்க்கு வந்த வருடத்தையும் தட்டிவிட்டார். "எங்க அண்ணன் சங்கிலிமுத்து என்னைய விட ரெண்டு வருசம் மூத்தவன். கார்டுல நான் அவனுக்கு அக்கா" என்று சிரிக்கிறார் மாரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தை மாதத்திலிருந்து ஐம்பத்தைந்து ஆனவர்கள் வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அட்டையைத் திருத்தப் போனால் பள்ளிச் சான்று கேட்கிறார்கள். எட்டு வயதில் தீப்பெட்டி ஒட்டப் போனவருக்கு ஏது சான்று? போர்மேன் செந்தூர்பாண்டியிடம் உண்மையைச் சொன்னதற்கு, "கார்டு கெடக்கட்டும், மொகத்தப் பாத்தாலே தெரியுதே" என்றிருக்கிறார். இருபத்தைந்து வருடம் மருந்துக்குள் உட்கார வைத்து அந்த முகத்தை வதக்கியது யார்? வதக்கியவர்களே அதைப் பார்த்து வயது சொல்கிறார்கள். பறிபோனதை டப்பாவில் அடைத்து விற்க இன்னொரு கூட்டம்.

"மொகம் மட்டும் தெளிஞ்சுருச்சுன்னா வேலைக்கு விட்ருவாக அண்ணாச்சி. மக ஓவியா காலேஜ் முடிக்க இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு."

பொங்கல் கழிந்து முதல் வேலை நாள். வேன் வந்து நின்றது. செந்தூர்பாண்டி படி ஓரமாக நின்று ஏறுகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரித்தாய் சிவந்த முகத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். கிரீம் எட்டாத கைகளில், வெடிப்புக்கு வெடிப்பு வெள்ளி அப்பிக் கிடந்தது. இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி ஒளித்துக்கொண்டு, கம்பியைப் பிடிக்காமலே படியில் கால் வைத்தார்.