வீட்டுக்காரம்மாவின் வீட்டுக்காரர்

குடல்வால், பித்தப்பை, குடலிறக்கம் என்று வயிற்றுக்குள் என்ன கோளாறு வந்தாலும் அந்த மருத்துவமனையில் அவரைத்தான் தேடுவார்கள். நர்சுகள் அவருக்கு வைத்திருந்த பெயர் வயிற்று டாக்டர். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொண்டதில்லை. கைராசிக்காரர் என்று ஊரே சொன்னது. ராசியெல்லாம் ஒன்றுமில்லை, அவசரப்படாத கை, அவ்வளவுதான். திறந்த வயிற்றுக்குள் ரத்தம் குபுகுபுவென்று வரும்போதும், பக்கத்து மேஜையிலிருந்து உப்பு எடுத்துத் தரச் சொல்வது போல, "சிஸ்டர், அந்தக் கிளாம்ப்" என்பார்.

அதே மனிதர் வீட்டில் சின்ன மகள் இரண்டு தடவை தும்மிவிட்டால் போதும், குட்டி போட்ட பூனை மாதிரி அலைவார். "நல்ல டாக்டர் யார்கிட்டயாவது காட்டலாமா?" என்று மனைவியிடம் கேட்பார். மனைவி புவியியல் டீச்சர். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நல்ல டாக்டர் கிடைச்சா எனக்கும் சொல்லுங்க" என்று விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருப்பாள்.

வேலை முடிந்தால் நேரே வீடு. அந்த விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. துறைத் தலைவர் பதவி தேடி வந்தபோது, சாயங்காலக் கூட்டங்கள் உண்டு என்று தெரிந்ததும், கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். சாயங்காலம் என்பது பொழுதுபோக்குக்கு. அதுவும் அவர் மட்டும் பொழுதைப் போக்கினால் ஆகாது. வீடே சேர்ந்து போக்க வேண்டும். "தனியா உட்கார்ந்து செஞ்சா அதுக்குப் பேரு வேலைம்மா. நாலு பேரும் சேர்ந்து செஞ்சாத்தான் பொழுதுபோக்கு" என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சியால் வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. போட்டோ பிடிக்கும் ஆசை வந்தபோது குளியலறையை இருட்டறையாக்கினார். மற்றவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அண்டை வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அப்புறம் மீன் தொட்டி. ஒன்றில் ஆரம்பித்து, கூடத்தில் நடக்க இடமில்லாமல் போகும் அளவுக்குத் தொட்டிகள் பெருகின. மீன் குஞ்சு பொரிக்கும் சமயத்தில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது என்று உத்தரவு வேறு. பிறகு சைக்கிள். நான்கு பேரும் ஒரே நிறத் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாகப் போனதைப் பார்த்து, தன் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள் என்று பெரிய மகள் இரண்டு நாள் சாப்பாட்டு மேஜையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது நாடகம்.

அதற்குக் காரணம் ஓர் அச்சகக்காரர். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருந்தவர், வலியோடு வலியாக, பக்கத்துக் கட்டில்காரருக்கு வசனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வு நேரத்தில் நாடகக் குழு ஒன்றை நடத்துகிறவர் அவர். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் நின்று கேட்டார். மறுநாள் நாற்காலி போட்டு உட்கார்ந்தே கேட்டார். அச்சகக்காரர் வீட்டுக்குப் போன வாரமே குழுவில் ஒரு புது நடிகர் சேர்ந்துவிட்டார். ஒத்திகை டாக்டர் வீட்டு மாடியில். பெரியவளுக்கு ஒப்பனை, சின்னவளுக்கு விளக்கு. திரைக்குப் பின்னால் நின்று, மறந்துபோன வசனத்தை எடுத்துக் கொடுக்கும் வேலை மனைவிக்கு.

எல்லாம் சரிதான். ஒரே ஒரு சிக்கல். டாக்டருக்கு நடிக்க வரவில்லை.

சும்மா வரவில்லை என்றால் போதாது. மேடை ஏறியதும் இரண்டு கைகளும் தாமாகவே முழங்கை மடங்கி நெஞ்சுக்கு முன்னால் தூக்கிக்கொள்ளும். ஆபரேஷனுக்குக் கை கழுவிவிட்டு எதையும் தொடாமல் நிற்கும் அதே நிலை. காதல் வசனமானாலும் சண்டை வசனமானாலும் அந்தக் கைகள் அங்கேயே நிற்கும். "டாக்டர், கையைக் கீழ போடுங்க. உங்களுக்குக் கிளவுஸ் மாட்ட இங்க யாரும் வர மாட்டாங்க" என்று அச்சகக்காரர் கெஞ்சுவார். கீழே போட்ட கை அடுத்த வரியில் மறுபடி மேலே வந்துவிடும். குரலோ, மூன்றாவது வரிசையைத் தாண்டாது.

அவருடைய கல்லூரித் தோழரான மயக்க மருந்து டாக்டர் ஒரு நாடகம் பார்த்துவிட்டு முகத்துக்கு நேரே சொன்னார்: "நானாவது ஊசி போட்டுத் தூங்க வைக்கிறேன். நீ வெறும் வாயாலயே தூங்க வெச்சுடறியேடா!"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நண்பன் கிண்டல் செய்கிறான் என்றுதான் நினைத்தார். அது உண்மையாக இருக்கும் என்ற எண்ணமே அவருக்குத் தோன்றவில்லை.

குழுவில் யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை. ஒருநாள் மாடிப்படியில் அச்சகக்காரர் டீச்சரிடம் புலம்பித் தீர்த்தார். "என் குடலையே கையில பிடிச்சுப் பார்த்த மனுஷர்மா அவர். அவர்கிட்டப் போய் உங்களுக்கு நடிப்பு வரலைன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

"சொல்லாதீங்க. நல்ல பெரிய வேஷமாக் குடுங்க, சந்தோஷமா இருக்கட்டும்" என்றாள் அவள்.

அப்படித்தான் அந்த வருட நாடகத்தில் டாக்டர் கதாநாயகனாகவே ஆகிவிட்டார். ஒரே வீட்டை இரண்டு குடும்பங்களுக்கு ஒரே நாளில் வாடகைக்கு விட்டுவிட்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைக்கப் படாதபாடு படும் வீட்டுக்காரர் வேஷம். நகராட்சி அரங்கில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம். டிக்கெட்டுகள் எல்லாம் போய்விட்டன. மதியம் சாப்பிட்டுவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று, கையைக் கீழே போட்டுப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. தலைமை நர்ஸ்.

"சார், இன்னைக்கு உங்களுக்கு டூட்டி இல்லைன்னு தெரியும். ஒரு லாரி டிரைவர். இரைப்பையில ஓட்டை விழுந்திருக்கு. டூட்டி டாக்டர் வேற ஒரு கேஸ்ல இருக்கார், பாதியில விட்டுட்டு வர முடியாது..."

"தியேட்டரை ரெடி பண்ணுங்க, வர்றேன்."

சட்டையை மாட்டிக்கொண்டே மனைவியிடம், "ஒரு மணி நேரத்துல வந்துடறேன். நேரா அரங்கத்துக்கே வந்துடறேன்" என்றார்.

அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளமானது என்பதை அவள் கல்யாணமான நாளிலிருந்து பார்த்து வருகிறாள். "பார்த்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

சின்ன ஓட்டை, சட்டென்று அடைத்துவிடலாம் என்றுதான் திறந்தார். ஓட்டை முன்பக்கம் இல்லை, பின்பக்கமாக ஒளிந்துகொண்டிருந்தது. சுற்றியிருந்த சதை நைந்துபோய், ஊசி போகும் இடமெல்லாம் பிய்ந்து வந்தது. ஈரக் காகிதத்தைத் தைப்பது போல இருந்தது. ஒரு தையல் போட்டார், விட்டுப்போனது. பிரித்தார். கொஞ்சம் தள்ளிப் போட்டார். அதுவும் விட்டது. தலைமாட்டில் மயக்க மருந்து கொடுத்தபடி உட்கார்ந்திருந்த நண்பர் மானிட்டரைப் பார்த்து, "பிரஷர் இறங்குது. எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்.

"தெரியலை. ஆகற வரைக்கும் ஆகட்டும். நீ அவரைப் பிடிச்சு வெச்சுக்கோ, நான் தைச்சுடறேன்."

நாடகம், வேஷம், வசனம் எதுவும் அவர் தலையில் இல்லை. அந்தக் கைகளுக்கு இங்கே எல்லாம் தெரியும். நல்ல சதை கிடைக்கும் வரை பொறுமையாகத் தேடி, அங்கிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தார். இந்த முறை நின்றது. வயிற்றைக் கழுவி, மூடி, கடைசி முடிச்சைப் போட்டபோது டிரைவரின் நாடித்துடிப்பு சீராகியிருந்தது.

வெளியே பெஞ்சில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள், செருப்பைக்கூட ஜோடி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தாள். டாக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நின்றபடி நல்ல செய்தி சொன்னாலும் யாரும் நம்புவதில்லை என்பது அவர் அனுபவம். எங்கே ஓட்டை இருந்தது, எப்படி அடைத்தார், இனி என்ன என்று அவளுக்குப் புரியும் வரை சொன்னார். அவள் இரண்டாம் தடவை கேட்டதையும் சொன்னார். எழுந்தபோதுதான் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. நாடகம் ஆரம்பிக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

நண்பர் தன் காரில் ஏற்றிக்கொண்டு பறந்தார். "நிறுத்தியிருப்பாங்கடா. ஆளுங்க டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிருப்பாங்க" என்று வழியெல்லாம் டாக்டர் புலம்பினார்.

அரங்கத்து வாசலில் யாரும் இல்லை. உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. சும்மா சிரிப்பல்ல, கூரை அதிரும் சிரிப்பு. பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் இருட்டில் நின்றார். மேடையில் இரண்டு குடும்பங்களும் இரண்டு வாசல் வழியாக ஒரே நேரத்தில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தன. நடுவில் இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு வீட்டுக்காரம்மா, இந்தப் பக்கம் ஒரு சிரிப்பும் அந்தப் பக்கம் ஓர் அதட்டலுமாக, இரண்டு கட்டிலுக்கும் நடுவே பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். டாக்டரும் வாயைப் பிளந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது, அது தன் மனைவி.

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எல்லாம் அவருடைய வசனங்கள். மாதக்கணக்கில் மனப்பாடம் செய்தவை. அவர் சொன்னபோது ஒத்திகையில் டீ கொண்டுவந்த ஆள்கூடச் சிரித்ததில்லை. அவள் சொன்னபோது கடைசி வரிசையில் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். பிள்ளைகள் நிறைந்த வகுப்பின் கடைசி பெஞ்ச் வரை எட்டும் குரல் அல்லவா! நெஞ்சுக்குள் சுருக்கென்று ஏதோ குத்தியது. பொறாமை என்று அவருக்கே தெரிந்தது. அடுத்த வசனத்துக்கு அவள் ஒரு கணம் பேசாமல் நின்று, கூட்டத்தைக் காக்கவைத்து, பிறகு சொன்னாள். அந்த ஒரு கண இடைவெளியைப் பார்த்ததும் குத்தல் போன இடம் தெரியவில்லை. நல்ல தையலைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவருக்கு.

இடைவேளையில் திரைக்குப் பின்னால் ஓடினார். அச்சகக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சின்னவள்தான் மூச்சுவிடாமல் சொன்னாள்: "நீங்க வரலைன்னதும் இவர் நாடகத்தையே நிறுத்தப் பார்த்தார்ப்பா. நான்தான் அம்மாவுக்கு எல்லா வசனமும் தெரியும்னு சொன்னேன். முதல் சீன்லயே வாடகைக்கு வந்தவர் பழக்கதோஷத்துல 'ஐயா'ன்னு கூப்பிட்டுட்டார். அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஐயாவுக்கு அவசர வேலை. இனிமே எல்லாம் அம்மாதான், சொல்லு!' கைதட்டல் நிக்கவே இல்லைப்பா!"

டீச்சர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து நீட்டினாள். "அந்த டிரைவர் எப்படி இருக்கார்?"

"பிழைச்சுட்டார்."

"அப்ப சரி. மீதியை நீங்க போய் நடிங்க."

அச்சகக்காரர் முகம் வெளிறியது. டாக்டர் சாவிக்கொத்தை வாங்கினார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு தானே குனிந்து அவள் இடுப்பில் மாட்டிவிட்டார்.

"நீயே போ. வசனத்தை நான் எடுத்துக் குடுக்கறேன்."

எடுத்துக் கொடுக்கும் வேலைக்கென்றே பிறந்த குரல் அது என்று அன்றுதான் தெரிந்தது. நடிகர்களுக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது. முதல் வரிசைக்கு ஒரு எழுத்துகூடப் போகவில்லை. யாராவது தடுமாறப்போகிறார்கள் என்பது அவர்கள் கண்ணிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, ஆபரேஷனில் பக்கத்தில் நிற்கும் நர்ஸின் பதற்றம் தெரிவது போல.

திரும்பும் வழியில் காரில் அவர் மெல்லக் கேட்டார்: "எனக்கு நடிப்பு வரலைன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே."

"ஏன் சொல்லலை?"

"மீன் தொட்டியை விட்டுட்டு இதுக்கு வந்தீங்க. இதையும் விட்டா அடுத்து என்னத்தைத் தூக்கிட்டு வருவீங்களோன்னு பயம்தான்."

பின் இருக்கையில் மகள்கள் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் முறைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ந்துகொண்டார்.

சில வாரங்கள் கழித்து, ஊர் கேட்டுக்கொண்டதற்காக அதே நாடகத்தை மறுபடி போட்டார்கள். இதற்குள் மருத்துவமனை வராந்தாவில் நோயாளிகள் அவரைப் பார்த்து, "நீங்க அந்த வீட்டுக்காரம்மாவோட வீட்டுக்காரர்தானே?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். "ஆமா, அவங்க வீட்டுக்காரர்தான்" என்று பெருமையாகத் தலையாட்டுவார். பழைய பெயர் நர்சுகளுக்கே மறந்துபோனது.

லாரி டிரைவருக்கும் அவர் மனைவிக்கும் இரண்டாம் வரிசையில் இடம் கொடுத்திருந்தார். கட்டில் காட்சியில் கூட்டம் குலுங்கியபோது, டிரைவர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஓரமாக எழுந்து திரைப் பக்கம் வந்துவிட்டார்.

"டாக்டர்! இப்படிச் சிரிச்சா தையல் பிரிஞ்சுடாதா?"

"சிரிங்க, சிரிங்க. அதையும் தாங்கற மாதிரிதான் போட்டிருக்கேன்" என்று கிசுகிசுத்துவிட்டு, டாக்டர் அவசரமாகப் பிரதியின் பக்கத்தைத் திருப்பினார். மேடையில் யாரோ வசனம் மறந்து திருதிருவென்று விழிக்கத் தொடங்கியிருந்தார்கள்.